பாவாவைத் தெரியாது என்றது போன்

"நான்தாம்பா... நல்லா பாரு... நானேதான்!"

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு என் பாவா இப்படிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். யாரிடம்? போலீஸ்காரரிடமா? டிக்கெட் பரிசோதகரிடமா? இல்லை. தன்னுடைய சொந்த போனிடம்!

பாவா என்றால் அக்காவின் கணவர். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் திருத்தணியில் பாதி உறவுகளுக்குத் தெலுங்கில்தான் பெயர். புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பாவா போனை முகத்துக்கு நேரே பிடிக்கிறார். சிரிக்கிறார். முறைக்கிறார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் நிற்கிறார். போனோ ஒவ்வொரு தடவையும் 'முகம் பொருந்தவில்லை' என்று கையை விரிக்கிறது.

எப்படிப் பொருந்தும்? அன்று காலையில் அந்த போன் பார்த்த பாவாவுக்குத் தலை நிறைய முடி இருந்தது. கன்னம் வரைக்கும் ஏறிய பெரிய மீசை இருந்தது. இப்போது அங்கே இருந்தது சந்தனம் பூசிய பளபள மொட்டை. முடி, மீசை எல்லாவற்றையும் மலைக்கு மேலே போய் முருகனுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

சிரிக்காதீர்கள். நாங்கள் யாரும் அப்போது சிரிக்கிற நிலையில் இல்லை. அந்த போன் திறக்காத ஒவ்வொரு நிமிஷமும், ஒரு பெண் எங்களிடம் கேட்டு வாங்கிய ஒரே ஒரு சத்தியம் கண்ணெதிரே காற்றில் பறந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் என் அக்கா மகள் நித்யா. அரக்கோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறாள். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு முன் வீட்டிலேயே வைத்துப் பெண் பார்க்கும் வைபவம் நடந்திருக்கிறது. முதலில் வந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்து வந்தவரை இவள் வேண்டாம் என்றாள். அவ்வளவுதான்... தெருவே விசாரணைக் கமிஷன் ஆகிவிட்டது. "ஏம்மா, பையன் நல்லாத்தானே இருந்தாரு, இன்னா கொறை?" என்று பால் ஊற்றுகிறவர் கேட்டார். ரயிலில் பக்கத்து சீட் பெண்மணி கேட்டார். லேபில் ஊசி குத்திக்கொள்ள வந்தவர், கையை நீட்டிய நிலையில் கேட்டார்!

அதனால் இந்தத் தடவை நித்யா ஒரு கண்டிஷன் போட்டாள்.

"நான் யோசிச்சு 'ஆங்'னு சொல்ற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, மாமா. வேணாம்னா வேணாம்னு நிம்மதியா சொல்லணும். அத்தோட மறந்துட்டு வேலைக்குப் போகணும். அவ்ளோதான்."

நியாயமா இல்லையா? நூற்றுக்கு நூறு நியாயம்.

இதற்கு எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு உண்டு. மலைக்கோயிலில் வைத்துப் பார்ப்பது. இரண்டு குடும்பமும் சும்மா சாமி கும்பிட வந்த மாதிரி வர வேண்டும். பிரகாரத்தில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி சந்திக்க வேண்டும். "அட, நீங்களா!" என்று ஆச்சரியப்பட வேண்டும். பிரசாதக் கடை பக்கம் நின்று புளியோதரை சாப்பிடுகிற சாக்கில் பையனும் பெண்ணும் நாலு வார்த்தை பேசிக்கொள்ளலாம். பிடித்தால் மேலே பேச்சு. பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டதாக இருக்கட்டும். புளியோதரையும் லாபம்.

ரகசியம் காப்பதில் என் அக்கா வசந்தாவை யாரும் மிஞ்ச முடியாது. நித்யாவுக்குப் புதுப் புடவை கட்ட விடவில்லை. தெருமுனை ஆட்டோவை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வைத்து அங்கே வேறு ஆட்டோ பிடித்தாள். "எவனும் போட்டோ கீட்டோ எடுக்கக் கூடாது" என்று வேறு உத்தரவு. சொல்லும்போது பாவாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மலையில் படிக்கட்டுப் பக்கம் ஒரு பூக்கார அம்மா உண்டு. எங்கள் குடும்பத்தையே தெரியும். எங்களைப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில், துவைத்து மடிப்புக் கலையாத சட்டையில் வியர்த்துப் போய் நின்ற பையனையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. வழக்கமாக "இன்னாம்மா நித்யா, எப்போ கல்யாணச் சாப்பாடு?" என்று வாய் ஓயாமல் கேட்கிறவர், அன்றைக்கு ஒரு முழம் மல்லிகையை அவள் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி யாரோ ஒரு மொட்டையோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

பையன் பெயர் பிரபாகர். (பெயரையெல்லாம் மாற்றிவிட்டேன், தேடாதீர்கள்!) சொந்த ஊர் கனகம்மாசத்திரம். சென்னையில் செல்போன் கேம் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. கேமைச் சந்தைக்கு விடுவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டுமாம்.

"விளையாடுறதுக்கு சம்பளமா தம்பி?" என்றேன். தாய்மாமன் என்றால் நாலு கேள்வி கேட்க வேண்டாமா?

"எல்லாரும் அதான் சார் கேக்கறாங்க. கேம்ல ஒரே கதவை நாள் பூரா திறந்து திறந்து மூடிப் பாருங்க, அப்போ தெரியும்."

"நானும் விளையாடுவேன். ரயில்ல போவும்போது. பழத்தை வரிசையா சேர்த்தா வெடிக்குமே, அது."

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது உங்க போன் நம்பருங்களையெல்லாம் பாக்கட்டுமானு கேட்டிருக்குமே? நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்னு கேட்டிருக்குமே?"

கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தியிருக்கிறேன். அழுத்தினால்தானே பழம் வரும்?

"மாம்பழம் வெடிக்கறதுக்கு உங்க அட்ரஸ் எதுக்கு சார்?"

எதுக்கு? இத்தனை நாளாக எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லையே! மளிகைக் கடைக்காரர் புளி கொடுப்பதற்கு முன்னால் "உன் சொந்தக்காரங்க நம்பரெல்லாம் கொடு" என்றால் சும்மா விடுவோமா? கடையே ரெண்டாகியிருக்கும்.

"நீங்க என்ன கேம் தம்பி விளையாடுவீங்க?"

"நானா? என் போன்ல ஒரு கேமும் கிடையாது சார். நாங்க செய்யற கேமையும் நான் போட்டதில்ல."

எனக்கு அந்தப் பையனை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. ஆனால் எனக்குப் பிடித்து என்ன பிரயோஜனம்? நித்யாவும் அவரும் தூணோரமாக நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றாள். "சொல்லும்மா, மெதுவா சொல்லு" என்றோம். எல்லாம் கச்சிதமாக முடிந்தது.

அவர்கள் கிளம்பிய கையோடு பாவா மொட்டை போடப் போனார். நல்ல வரன் அமைந்தால் மொட்டை போடுவதாக வேண்டுதலாம். "இன்னும் அமையலயேங்க!" என்றாள் அக்கா. "முருகனுக்கு அட்வான்ஸ்" என்றார் பாவா.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, கை கழுவக்கூட இல்லை. அக்காவின் போன் அடித்தது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து சரோஜா. பாவாவின் அண்ணன் மனைவி, நித்யாவுக்குப் பெரியம்மா. அங்கே விசைத்தறி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அதனால் தெருவில் பாதிப் பேர் அவர்கள் வீட்டுக் கூடத்தில், அந்தப் பெரிய டிவி முன்னால்தான் இருப்பார்கள்.

அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். "ஏம்மா வசந்தா... யாரும்மா அந்தப் பையன்? சோக்கா கீறாரே!"

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எந்தப் பையங்க்கா?"

"அதான், டிவில வந்துகினு கீறாரே! நம்ம நித்யா பக்கத்துல!"

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பாவாவைப் பார்த்தோம். பாவா மொட்டையைத் தடவிக்கொண்டார்.

"ஒரே ஒரு போட்டோ... மலையிலருந்து ஊர் அழகா தெரிஞ்சிது, அதத்தான் எடுத்தேன்..."

ஒரே ஒரு போட்டோவாவது! மனிதர் மறைந்து நின்று கல்யாண வீடியோக்காரர் மாதிரி எடுத்துத் தள்ளியிருக்கிறார். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கலாம் என்று ஆசை. பெற்ற மனசு, குறை சொல்ல முடியுமா?

ஆனால் அது எப்படி ஆர்.கே.பேட்டை டிவிக்குப் போனது? அண்ணன் வீட்டுக்கு அந்த டிவி வாங்கியபோது, பாவாவின் போன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறது. 'உங்கள் குடும்பத்தினரின் முகம் உள்ள படங்களைக் குடும்பத்தோடு தானாகவே பகிரலாமா?' பாவாவுக்குப் 'பகிரலாமா' வரைக்கும் படிக்கப் பொறுமை இல்லை. 'ஒத்துக்கொள்கிறேன்' என்று அழுத்திவிட்டார். அன்றிலிருந்து, நித்யாவின் முகம் எந்தப் படத்தில் இருந்தாலும் அது குடும்ப ஆல்பத்துக்குப் போய்விடும். டிவியில் நிகழ்ச்சி ஓடாத நேரத்தில் அந்தப் படங்கள் வரிசையாக ஓடும்.

இதுவரை நாய்க்குட்டியும் பிறந்தநாள் கேக்குமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் தோன்றவில்லை.

அதோடு விட்டதா? போன் தன் சொந்த புத்தியையும் காட்டியிருக்கிறது. படத்திலிருந்த அக்காவை வெட்டிவிட்டது. என்னை வெட்டிவிட்டது. கோபுரத்தையே வெட்டிவிட்டது! நித்யாவும் பிரபாகரும் மட்டும் பெரிதாக, சுற்றிலும் பூ வேலைப்பாடு, பின்னணியில் வயலின், மேலே 'திருத்தணியில் இனிய தருணங்கள்' என்று தலைப்பு. கல்யாணப் பத்திரிகை அடிக்காத குறை.

"சீக்கிரம் அதை அழிங்க!" என்று அக்கா கத்தினாள். அப்போதுதான் பாவா போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். போன், 'நீ யார்?' என்றது.

"நம்பர் போட்டுத் திறங்க பாவா" என்றேன்.

"நம்பரை மாத்திட்டேன் மச்சான். இப்போல்லாம் மோசடி ஜாஸ்தியாமே. ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு புதுசா ஒண்ணு போட்டேன்."

"என்ன நம்பர்?"

"அதான் தெரியல."

ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றால் இப்படியா? அவருடைய பிறந்த தேதி, அக்காவின் பிறந்த தேதி, கல்யாண நாள், பழைய ஸ்கூட்டர் நம்பர்... எல்லாம் போட்டுப் பார்த்தார். (கல்யாண நாளைத் தப்பாகப் போட்டதற்குத் தனி அர்ச்சனை நடந்தது.) கடைசியில் போன் கோபித்துக்கொண்டு, இனி எந்த நம்பரும் கேட்காது என்று அதையும் மூடிவிட்டது. முகத்தை மட்டும் காட்டு என்றது. அது என்ன கணக்கோ, செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

என்ன வேடிக்கை பாருங்கள்! வீட்டுச் சொந்தக்காரரை வாசலில் நிறுத்தி "நீ யார்" என்று கேட்கிறது. அதே நேரம் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிட்டு ஊரையே உள்ளே கூப்பிடுகிறது. உங்கள் பாதுகாப்பே எங்கள் லட்சியம் என்று விளம்பரம் வேறு.

இதற்குள் ஆர்.கே.பேட்டைக் கூடத்திலிருந்து செய்தி பறந்து, அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சோளிங்கரிலிருந்து ஒரு சித்தி. "எப்போ நிச்சயம்?" வேலூரிலிருந்து ஒரு தாத்தா. "பையன் மூக்கு நம்ம வம்ச மூக்கு மாதிரியே கீதாமே!" எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அதுதான் வில்லங்கமே! யாராவது திட்டினால் திருப்பித் திட்டலாம். சந்தோஷப்படுகிறவர்களை என்ன செய்வது?

நித்யா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இனிமே நான் வேணாம்னு எப்படி மாமா சொல்றது?"

எனக்குச் சுரீர் என்றது. அவள் 'வேணாம்' என்று சொல்லப் போகிறாளா, 'ஆங்' என்று சொல்லப் போகிறாளா, அதுவே அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் 'வேணாம்' என்பதை யாரோ அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இனி ஆங் என்றாலும் அது அவள் சொன்னதாக இருக்காது. டிவி சொன்னதாகத்தான் இருக்கும்.

பிரைவசி பிரைவசி என்று படித்தவர்கள் பேசும்போதெல்லாம், "நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். மறைக்க ஒன்றும் இல்லைதான். யோசிக்க இருக்கிறதே! மனசு மாற இருக்கிறதே! அதற்குக் கொஞ்ச நேரம் யாரும் பார்க்காமல் இருக்க வேண்டாமா?

போனைப் பிடுங்கி எறியலாமா என்று நான் எழுந்தேன். நித்யா முந்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் கண்மை பென்சில்.

"நைனா, உக்காரு."

பாவா உட்கார்ந்தார். அப்பாவின் முகவாயைப் பிடித்துக்கொண்டு நித்யா மீசை வரைய ஆரம்பித்தாள். ஒரு பக்கம் கன்னம் வரைக்கும்... அப்புறம் மறுபக்கம். அக்கா ஒரு கறுப்புத் துண்டைக் கொண்டுவந்து மொட்டைமேல் சுற்றினாள். புருவத்தையும் கொஞ்சம் தடிமனாக்கினார்கள். தெருக்கூத்துக்குக் கிளம்புகிற துரியோதனன் மாதிரி பாவா போனை நிமிர்ந்து பார்த்தார்.

'டிக்!'

திறந்துவிட்டது!

நிஜ மனிதரைத் தெரியாது என்ற போன், கண்மை மீசையைப் பார்த்து "வாங்க வாங்க" என்று கதவைத் திறக்கிறது! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரித்தாள். பாவா சிரிக்க, வியர்வையில் மீசை வழிய, அதைப் பார்த்து நித்யாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு உயிரே வந்தது.

நித்யா ஒவ்வொரு படமாக அழித்தாள். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று ஒரு கேள்வி. கடைசிப் படத்தில் பிரபாகரின் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'இவர் யார்? இவரை அடிக்கடி பார்ப்பீர்களா? பெயர் சேர்க்கவும்' என்றது.

எவ்வளவு தைரியம் பாருங்கள்!

"இன்னா பேரும்மா போடறது?" என்றார் பாவா அப்பாவியாக.

"ஒண்ணும் போடாத நைனா" என்றாள் நித்யா. அதையும் அழித்தாள். குடும்ப ஆல்பத்தையும் நிறுத்தினாள். அங்கே என்ன இருந்தது தெரியுமா? இரண்டு பட்டன். ஒன்று, 'தொடரவும்'. இன்னொன்று, 'பிறகு நினைவூட்டவும்'. வேண்டாம் என்பதற்குப் பட்டனே இல்லை! செட்டிங்கில் உள்ளே உள்ளே போய் எங்கேயோ ஒரு மூலையில்தான் பிடித்தாள். பெரிய பெரிய கம்பெனிகள், பெரிய பெரிய மூளைகள்... 'வேண்டாம்' என்ற சின்ன வார்த்தையைக் கேட்க ஒருத்தருக்கும் தெம்பு இல்லை போலிருக்கிறது.

அப்புறம் அம்மாவின் போனை வாங்கி, நித்யாவே ஆர்.கே.பேட்டைக்குக் கூப்பிட்டாள்.

"பெரிம்மா, நான் நித்யா. ஆங்... பாத்தோம். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. சரின்னும் சொல்லலாம், வேணாம்னும் சொல்லலாம். அதுவரைக்கும் யாரும் என்னை ஒண்ணும் கேக்கக்கூடாது. எனக்கு அழுகையா வருது பெரிம்மா."

அந்தப் பக்கம் சரோஜாம்மா யாரையோ டிவியை அணைக்கச் சொன்னார்.

"அட, இதுக்காம்மா அழுவற? நான் ஒண்ணுத்தையும் பாக்கல, போ. இங்க கீறவங்கள நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. சோளிங்கர் சித்தி மறுபடி கூப்பிட்டார்.

"ஏம்மா வசந்தா, சொல்லவே இல்லியே! நித்யா புடவை விளம்பரத்துல நடிக்கறாளாமே? டிவில காட்டினாங்களாமே? கூட நின்னது யாரோ மாடல் பையனாமே? சரோஜா சொன்னா!"

நெசவுக்காரர்கள் ஊர் அல்லவா, புடவை விளம்பரம் என்றதும் தெருவே நம்பிவிட்டது. எந்தக் கடை, என்ன ரகம், பார்டர் எத்தனை இஞ்ச் என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது நித்யாவிடம் யாரும் "எப்போ நிச்சயம்?" என்று கேட்பதில்லை. "அடுத்த விளம்பரம் எப்போ?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு அவள் சிரித்துக்கொண்டே, "கூப்பிட்டா போவேன்" என்கிறாள்.

எனக்கு டெக்னாலஜி மேல் விரோதம் ஒன்றும் இல்லை. இந்தப் பத்தியே போனில் டைப் செய்ததுதான். பார்ப்பதும் தப்பில்லை. மனுஷன் பார்க்காமல் இருப்பானா? பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருக்கத் தெரிய வேண்டும். சரோஜாம்மாவால் முடிகிறது. எத்தனையோ கோடி போட்டுச் செய்த போனால் முடியவில்லை. அந்தப் பழ விளையாட்டை அன்று ராத்திரியே அழித்துவிட்டேன். 'எங்களை விட்டுப் போகிறீர்களா?' என்று அழுகிற முகம் ஒன்றைக் காட்டியது. ஆமாம் சாமி, போகிறேன்!

நித்யா நன்றாக யோசித்தாள். நேற்று பிரபாகரிடம் தானே பேசினாள். அப்புறம்தான் எங்களிடம் சொன்னாள்.

என்ன சொன்னாளா? இவ்வளவும் படித்துவிட்டுமா கேட்கிறீர்கள்?